பிஎஸ்5 தூசி படிகிறது, என்ன செய்ய?

கேள்வி: வயது 36. கோம்பாக்கில் வீடு, கோலாலம்பூரில் கேஎல் சென்ட்ரல் பக்கம் வேலை, எல்ஆர்டி ரயிலில் போய் வருகிறேன், இரண்டு பிள்ளைகள். போனஸ் பணத்தில் பிஎஸ்5 (டிவியில் மாட்டி ஆடும் பிளேஸ்டேஷன் 5) வாங்கி 'விட்சர் 3' கேமை ஆரம்பித்தேன், இன்னும் முதல் ஊரையே தாண்டவில்லை. பிள்ளைகள் தூங்கிய பிறகு உட்கார்ந்தால் கண் சொக்குகிறது, அடுத்த வாரம் எடுத்தால் எந்தப் பட்டன் எதற்கு என்பதே மறந்துபோகிறது. பேசாமல் விற்றுவிடவா?
- வாசகர், கோம்பாக்

பதில்: பிஎஸ்5 இருக்கட்டும் தம்பி, விட்சரைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள். 2015இல் வந்த அந்த கேம், கதையை மட்டும் பிடித்துக்கொண்டு ஓடினாலே 50 மணி நேரம் கேட்கும். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் கிடைக்கிற ஆளுக்கு அது அரை வருட வேலை, அதுவும் நடுவில் தீபாவளியோ பள்ளி விடுமுறையோ வராமல் இருந்தால்.

கேம் வாங்கும்போது இனி ஒன்றை மட்டும் பாருங்கள்: நினைத்த நேரத்தில் நிறுத்த முடியுமா? 'வேம்பயர் சர்வைவர்ஸ்' ஒரு ஆட்டம் பெரும்பாலும் 30 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். 'ஸ்டார்டியூ வேலி'யில் ஒரு நாள் என்பது நம் கணக்கில் 14 நிமிடம் போல (இன்னும் ஒரே ஒரு நாள் என்று விடிய விடிய உட்காருகிறவர்களும் உண்டு, அது வேறு கதை). போனில் ஆடுகிற 'மொபைல் லெஜண்ட்ஸ்' பார்க்கச் சின்னதாகத் தெரியும், ஆனால் பாதியில் நிறுத்தவே முடியாது, பிள்ளை அழுகிறதென்று எழுந்தால், உங்களோடு ஒரே அணியில் ஆடுகிற நான்கு பேரும் திட்டுவார்கள். தினமும் உள்ளே வந்தால்தான் பரிசு என்கிற கேம் பக்கமே போகாதீர்கள், ஒரு வேலைக்குப் போகிற களைப்பே போதும்.

பிஎஸ்5 செட்டிங்கில் ரெஸ்ட் மோட் இருக்கிறது, ஆட்டத்தை விட்ட இடத்திலேயே வைத்திருக்கும், ஆனால் கரண்ட் போனால் அதுவும் போச்சு, அதனால் முதலில் சேவ் பண்ணிவிடுங்கள். அப்புறம், நீங்கள் ஏறுவதே கோம்பாக், ரயில் கிளம்புகிற இடம், உட்கார இடம் கிடைக்கும்! கையில் வைத்தே ஆடக்கூடிய ஒரு பழைய நிண்டெண்டோ ஸ்விட்ச் கிடைத்தால் மஸ்ஜித் ஜாமெக் நிலையத்தில் கூட்டம் ஏறுகிற வரை ஆடலாம், பட்டனைத் தட்டினால் அப்படியே தூங்கும்.

ராத்திரித் தூக்கத்தில் கை வைக்காதீர்கள். சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம் வேண்டும் என்று மனைவியிடம் நேராகக் கேளுங்கள், ஞாயிறு காலை அதே இரண்டு மணி நேரம் அவருக்கு, நீங்கள் பிள்ளைகளை ரொட்டி சானாய் பசியாற மாமாக் கடைக்குக் கூட்டிப் போங்கள். ஒளித்து விளையாடினால்தான் சண்டை வரும்.

கேள்வி: என் கணவர் கேம் ஆடும்போது ஐந்து வயது மகன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். "பிள்ளையோடுதானே இருக்கிறேன்" என்கிறார். இது நியாயமா?
- வாசகி, செந்தூல்

பதில்: அப்பா கேமில் சுடுவதை மகன் வேடிக்கை பார்த்தால் கணக்கில் சேராது சகோதரி. மகன் கையிலும் கண்ட்ரோலர் இருந்தால் சேரும். ஸ்விட்சில் ஆடுகிற 'மரியோ கார்ட் 8 டீலக்ஸ்' கார் பந்தயத்தில் ஸ்மார்ட் ஸ்டியரிங் போட்டுவிட்டால் அந்த வயதுப் பிள்ளைகூடப் பாதையை விட்டு விழாமல் ஓட்டும். ஒரே திரையில் நான்கு பேர் ஆடலாம், உங்களுக்கும் ஒரு கண்ட்ரோலர் வாங்கித் தரச் சொல்லுங்கள்.