இயந்திரத்தோடு கூட்டுவேலை: செட்டிநாட்டு வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

காரைக்குடி, தணிக்கை அலுவலக ஊழியர்: செயற்கை நுண்ணறிவு வந்தபின் வேலை விரைவாக முடிகிறது, ஆனால் நாங்கள் ஆறு பேரும் பேசிக்கொள்வதே குறைந்துவிட்டது. இது எங்கள் அலுவலகத்தில் மட்டும்தானா?

பதில்: இல்லை. ஐயம் வந்தால் பக்கத்து மேசைக்கு எழுந்து போனவர்கள் இப்போது திரையைக் கேட்கிறார்கள். அமெரிக்கா, தைவான், இந்தோனேசியா, மலேசியா ஆகிய நாடுகளின் ஊழியர்களிடம் நடத்தப்பட்டு 2023இல் வெளியான ஓர் ஆய்வு, இக்கருவிகளோடு அதிகம் பழகியவர்களுக்குத் தனிமையுணர்வும் தூக்கமின்மையும் கூடியதைக் கண்டது. அதே ஆட்கள் சகபணியாளருக்கு உதவ முந்தியதையும் கண்டது. பேச்சுத் துணைக்கு ஏங்கியவர்கள் உதவும் சாக்கில் அதைத் தேடினார்கள் என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

கண்டனூர், பட்டதாரி: புதிதாக வேலைக்குச் சேருபவருக்கு இது நன்மையா?

பதில்: தொடக்கத்தில் பெரும் நன்மை. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர் சேவை ஊழியர்களை ஆராய்ந்து 2023இல் பொருளாதார அறிஞர்கள் வெளியிட்ட கட்டுரையில், செயற்கை நுண்ணறிவுக் கருவி கிடைத்தபின் உற்பத்தித்திறன் சராசரியாக 14 விழுக்காடும் புதியவர்களிடம் 34 விழுக்காடும் உயர்ந்தது. தேர்ந்தவர்களுக்கோ பலன் மிகக் குறைவு. தேர்ந்தவர்கள் பேசும் முறையைக் கருவி கற்றுப் புதியவர்களுக்குக் கொடுத்ததே இதற்குக் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள் அவர்கள். இங்குதான் எனக்குத் தயக்கம். பர்மாவிலும் மலாயாவிலும் இருந்த நம் வட்டிக்கடைகளில் பெட்டியடிப் பையனாக, அதாவது கடைநிலை உதவியாளாகச் சேர்ந்தவன், அடுத்தாள் எனப்பட்ட மூத்த உதவியாளரின் அருகில் அமர்ந்து பேரேடு எழுதிப் பழகித்தான் மேலே வந்தான். கற்பித்தவருக்கு அதனால் மதிப்பும் கிடைத்தது. கருவி வழியாகக் கற்பவருக்குத் தாம் யாரிடம் கற்றோம் என்பதே தெரியாது, கற்பித்தவருக்கும் தாம் கற்பித்தது தெரியாது.

ஆத்தங்குடி, பூப்போட்ட தரைக்கல் செய்யும் பட்டறைக்காரர்: எங்களுக்கு இதில் என்ன?

பதில்: பூ வடிவங்களைத் திரையில் வரைந்து பார்க்கலாம். கண்ணாடியின்மேல் அச்சை வைத்து வண்ணக் கலவையை ஊற்றும் கை உங்களுடையதே.

தேவகோட்டை, மொத்த வியாபாரி: இருவர் பார்த்த கணக்கு வேலையைக் கருவியோடு ஒருவரிடம் கொடுத்துவிடலாமா?

பதில்: ப்ராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தின் 776 பேரிடம் நடந்து 2025இல் வெளியான சோதனையைப் படித்தால் அப்படித்தான் தோன்றும்: கருவி வைத்திருந்த ஒருவர், கருவியில்லாத இருவரின் தரத்தை எட்டினார், உற்சாகமும் கூடியது. ஆனால் மிகச் சிறந்த தீர்வுகளைக் கூடுதலாகத் தந்தவர்கள், கருவியோடு சேர்ந்து உழைத்த இருவர் அணியினர். மேலும் அது ஒரு நாள் பயிற்சி. உங்கள் கணக்கோ ஆண்டு முழுவதும் ஓடுவது. இங்கிலாந்து நிலக்கரிச் சுரங்கங்களில், சிறு குழுக்கள் முழுதாகச் செய்துவந்த வேலையை இயந்திரங்களுக்காகத் துண்டு துண்டாகப் பிரித்தபோது மனச்சோர்வும் வேலைக்கு வராமையும் பெருகியதை டிரிஸ்ட், பாம்ஃபோர்த் இருவரும் 1951லேயே எழுதிவிட்டார்கள். அங்கே பழுது இயந்திரத்தில் இல்லை, வேலையைப் பிரித்த விதத்தில் இருந்தது. ஆகவே ஐந்தொகை (ஆண்டிறுதி இருப்புநிலைக் கணக்கு) வரையிலான பொறுப்பை இருவரிடமும் சேர்த்தே கொடுங்கள். கருவி தரும் கணக்கை ஒருவர் எடுக்கட்டும், மற்றவர் சரிபார்க்கட்டும், மாதம் ஒருமுறை இடம் மாறிக்கொள்ளட்டும்.