மனநல வேலைக்கு வர நினைக்கிறவர்களுக்கு: டெல்டாவிலிருந்து வந்த கேள்விகளும் என் பதில்களும்

மனநலம், சமூகப் பணி சார்ந்த படிப்பு, வேலை பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கமிருந்து நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. மனநல சமூகப் பணியாளராக 18 வருடமாக இந்த மாவட்டங்களில்தான் சுற்றுகிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பாபநாசம், பிளஸ் டூ முடித்த மாணவி: அக்கா, கவுன்சிலர் ஆகணும்னு ஆசை. பி.எஸ்சி. சைக்காலஜியா, சமூகப் பணி படிக்கிற பி.எஸ்.டபிள்யூ.வா?

எதை எடுத்தாலும் இளங்கலையோடு நிறுத்த முடியாதும்மா. முதுகலை வரை படிக்க வேண்டியிருக்கும் என்று இன்றைக்கே வீட்டில் சொல்லிவிடு. பாதியில் கல்யாணப் பேச்சு வந்து படிப்பு நின்றுபோன பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

சைக்காலஜி வழியில் போனால் முதுகலைக்குப் பிறகு மருத்துவ உளவியல் பயிற்சி, அதற்குமேல் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில், அதாவது ஆர்.சி.ஐ.யில், பதிவு. வழி நீளம், இடம் குறைவு, ஆனால் மதிப்பு அதிகம். சமூகப் பணி முதுகலையான எம்.எஸ்.டபிள்யூ. வழி அகலமானது. ஆஸ்பத்திரி, குழந்தைகள் பாதுகாப்பு, குடிநோய் மறுவாழ்வு, தொண்டு நிறுவனம் என்று எந்தப் பக்கமும் திரும்பலாம். ஊரை விட்டுப் போகாமல் வேலை பார்க்கணும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தில் சமூகப் பணியும் இருக்கிறது, உளவியலும் இருக்கிறது. முதுகலைக்கு க்யூட் (CUET) என்கிற பொது நுழைவுத்தேர்வு எழுதணும். திருச்சியில் பிஷப் ஹீபர் கல்லூரியிலும் எம்.எஸ்.டபிள்யூ. உண்டு.

மன்னார்குடி, ஒரு தாய்: ஆறு மாத ஆன்லைன் டிப்ளமோ முடித்தால் என் மகள் 'சைக்காலஜிஸ்ட்' போர்டு மாட்டலாம் என்கிறார்கள். 45,000 ரூபாய் கட்டலாமா?

கட்டாதீர்கள் அம்மா. கேட்கும் திறமையை வளர்த்துக்கொள்ள அந்த மாதிரிப் படிப்பு கொஞ்சம் உதவலாம், அவ்வளவுதான். 'இதை முடித்தால் எந்தச் சட்டப்படி, எந்த அமைப்பில், என்ன பதிவு எண் கிடைக்கும்?' என்று அவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். நேரான பதில் வராது. போர்டைப் பார்த்து உள்ளே வருகிறவர் கடும் மனச்சோர்வோடு வரலாம், காதில் குரல் கேட்கிறது என்று வரலாம். அவரை அடையாளம் கண்டு டாக்டரிடம் அனுப்பத் தெரியாதவர் அந்த நாற்காலியில் உட்காரக் கூடாது.

கும்பகோணம், எம்.எஸ்.டபிள்யூ. முடித்தவர்: ஆஸ்பத்திரி வேலைக்கு எம்.ஃபில். கட்டாயமா? எம்.ஃபில்.லையே எடுத்துவிட்டார்கள் என்கிறார்களே?

2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் 'மனநல சமூகப் பணியாளர்' என்று சொல்வது யாரை? சமூகப் பணியில் முதுகலை முடித்து, அதற்கு மேல் மனநல சமூகப் பணியில் இரண்டு வருட முழுநேர எம்.ஃபில்.லும் முடித்தவரை. அவர் மாநில மனநல ஆணையத்திலும் பதிந்திருக்க வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. 2022-ல் எம்.ஃபில்.லைப் பொதுவாக நிறுத்தியது; பிறகு இந்தப் படிப்புக்கும் மருத்துவ உளவியலுக்கும் மட்டும் விலக்குக் கொடுத்து, 2025-26 சேர்க்கை வரை அனுமதித்தது. விதிகள் மாறிக்கொண்டிருக்கிற காலம் இது. அதனால் சேருமுன், அந்தக் கல்லூரிக்கு அந்த ஆண்டுக்கான அனுமதி இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தேசிய மனநல நிறுவனமான பெங்களூரு நிம்ஹான்ஸில் இடம் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம்.

எம்.எஸ்.டபிள்யூ.வோடு நிற்பவர்களுக்கும் நிறைய வேலைகள் இருக்கின்றன. அடுத்த பதிலைப் படியுங்கள்.

ஒரத்தநாடு: மேடம், உண்மையைச் சொல்லுங்கள். சம்பளம் வருமா? எல்லாம் கான்ட்ராக்ட் என்கிறார்களே?

பெரும்பாலும் ஒப்பந்தம்தான் தம்பி. தொகுப்பூதியம், வருடா வருடம் புதுப்பிப்பு. நிதி வராமல் மூன்று மாதம் சம்பளம் இல்லாமல் பஸ்ஸுக்குக் கடன் வாங்கிப் போன காலம் எனக்கும் உண்டு. அதைத் தெரிந்துகொண்டு வாருங்கள்.

எங்கே தேடுவது? மாவட்ட இணையதளத்தில் ஆட்சேர்ப்புப் பக்கத்தை வாரம் ஒருமுறை பாருங்கள். மாவட்ட நலவாழ்வுச் சங்கம் மூலமாக மாவட்ட மனநலத் திட்டத்துக்கு ஆள் எடுப்பார்கள். 1996-ல் இந்தத் திட்டம் நாட்டில் தொடங்கியபோது முதலில் எடுத்த ஒரு சில மாவட்டங்களில் நம்ம திருச்சியும் ஒன்று. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் சமூகப் பணியாளர், ஆற்றுப்படுத்துநர் பணிகள் வரும். பெண்களுக்கான சகி மையம், எச்.ஐ.வி. பரிசோதனை செய்கிற நம்பிக்கை மையம், 1098 குழந்தைகள் உதவி எண் என்று வேறு இடங்களும் உண்டு. குடிநோய் மறுவாழ்வு மையங்களில் ஆள் தேவை எப்போதும் இருக்கிறது. ஆனால் அங்கே சேருமுன் உரிமம் இருக்கிறதா, நோயாளியை அடிக்கிறார்களா என்று உள்ளே போய்ப் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

முதல் மூன்று வருடம் நெருக்கடிதான். இரண்டு மூன்று திட்டங்களில் வேலை பார்த்து, கேஸ் எழுதக் கற்றுக்கொண்டவரை அப்புறம் அவர்களே தேடி வந்து கூப்பிடுவார்கள்.

நாகப்பட்டினம், ஜி.என்.எம். நர்ஸ்: நான் இந்தப் பக்கம் வரலாமா?

தாராளமாக. பொது நர்சிங் டிப்ளமோ (ஜி.என்.எம்.) முடித்து நர்சிங் கவுன்சிலில் பதிந்தவரையும் 2017 சட்டம் மனநல செவிலியர் என்ற வரையறைக்குள் சேர்க்கிறது. ஒரு வருட மனநல செவிலியர் டிப்ளமோவும் படித்துவிட்டால் நல்லது.

வேதாரண்யம், 38 வயது, மகளிர் குழு உறுப்பினர்: பிளஸ் டூதான் படித்திருக்கிறேன். எனக்கு இடமே இல்லையா?

உங்களைப் போன்றவர்கள் இல்லாமல் எங்கள் வேலை நடக்காது அக்கா. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து, தென்னையெல்லாம் சாய்ந்து கிடந்த சமயம் உங்கள் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கு வந்தேன். மனச்சிதைவு நோய்க்கு மருந்து சாப்பிடுகிற பையன் ஒருவனுக்குத் திரும்பவும் நோய் கூடியிருந்தது. மாத்திரை ஒழுங்காகப் போகிறது என்றார் அப்பா. குழு அக்கா ஒருத்தர் பேசாமல் அடுப்படிக்குப் போய் அரிசி டிரம்மைத் திறந்து காட்டினார். இரண்டு மாத மாத்திரை, அட்டை பிரிக்காமல் உள்ளே கிடந்தது. சாப்பிட்டால் கை நடுங்குகிறது, மகன் வேலைக்குப் போக முடியவில்லை என்று அம்மாதான் மறைத்து வைத்திருந்தார். நடுக்கத்துக்கும் மருந்து உண்டு என்று அந்த வீட்டில் யாருமே சொல்லியிருக்கவில்லை. நான் பத்து முறை போயிருந்தாலும் அந்த டிரம்மைத் திறந்திருக்க மாட்டேன்.

2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வருகிற தன்னார்வலர்கள் மகளிர் குழுக்களிலிருந்து வந்தவர்கள்தான். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். மனநல இல்லங்களிலும் பராமரிப்பாளர் வேலை இருக்கிறது. சம்பளம் குறைவு, உழைப்பு அதிகம். இந்த வேலைக்கு இன்னும் நியாயமான கூலி வரவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

முசிறி: எங்கள் சொந்தத்தில் மனநோய் உள்ள ஒருவரைக் குணசீலம் பெருமாள் கோயிலில் 48 நாள் தங்க வைக்கப் போகிறார்கள். இந்த வேலைக்கு வந்தால் இதையெல்லாம் எதிர்க்கணுமா?

எதிர்த்தால் அந்த வீட்டுக் கதவு உங்களுக்கு மூடிவிடும். ஆனால் எல்லாவற்றையும் விட்டுவிடவும் முடியாது: 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஓர் இல்லத்தில் சங்கிலியில் கட்டிக் கிடந்த 28 பேர் தீயில் இறந்தார்கள். சங்கிலி போட்டால் அங்கே நீங்கள் குரல் கொடுத்தே ஆகணும், சட்டமும் உங்கள் பக்கம். ஆனால் வேண்டுதல் வேறு. 'பெருமாளையும் கும்பிடுங்க, மாத்திரையையும் விடாதீங்க' என்று சொல்லிப் பாருங்கள், கேட்பார்கள்.

மயிலாடுதுறை: கடன், பயிர் நஷ்டம் என்று உயிரை விடுகிறவரைப் பேச்சால் காப்பாற்ற முடியுமா? எனக்கு நம்பிக்கை இல்லை.

பேச்சால் மட்டும் முடியாது. உங்களுக்குப் பக்கத்திலேயே, காட்டுமன்னார்கோவில் வட்டாரத்தில், பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் ஊருக்குப் பொதுவான இடத்தில் பூட்டிய பெட்டிகளில் வைத்துப் பார்த்தார்கள். 2013-ல் வெளியான அந்த ஆய்வில், மற்ற கிராமங்களோடு ஒப்பிடும்போது அங்கே தற்கொலைகள் குறைந்திருந்தன. ஆத்திரமும் விரக்தியும் உச்சத்தில் இருக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தைக் கடத்திவிட்டால் நிறையப் பேர் பிழைக்கிறார்கள். பெட்டிக்கு இடம் பிடிப்பது, ஊர்க்கூட்டம் போடுவது, பிழைத்தவர் வீட்டுக்குத் திரும்பத் திரும்பப் போவது எல்லாமே சமூகப் பணிதான். யாருக்காவது இப்போதே உதவி தேவை என்றால் 104, அல்லது மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416. எந்த நேரமும் கூப்பிடலாம்.

திருத்துறைப்பூண்டி, கல்லூரி மாணவர்: எனக்குப் பேசவே வராது. இந்த வேலைக்குச் சரிப்படுவேனா?

சுனாமிக்கு அடுத்த வருடம் நாகையில் தற்காலிகக் குடியிருப்பு ஒன்றுக்குத் தொண்டராகப் போனேன். அங்கே ஒரு பெரியவர் கடலுக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்து வலை பின்னுவார். என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. வலையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு தினமும் உட்கார்ந்திருந்தேன். பதினோராம் நாள் அவராகவே பேரனின் பெயரைச் சொன்னார். அன்றைக்கும் நான் அதிகம் பேசவில்லை.

லீவு விடும்போது துறைத் தலைவரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு திருவாரூர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மனநலப் பிரிவில் இரண்டு வாரம் இருந்து பார்க்க அனுமதி கேளுங்கள். காலை எட்டு மணிக்கே போய், டோக்கன் வரிசையில் நிற்கிறவர்களோடு உட்காருங்கள்.