கர்னல் பதவி உயர்வு கிடைக்கவில்லை, போஸ்டிங்கும் மாறிவிட்டது: வழக்குப் போடலாமா?

வணக்கம் சார். லெப்டினன்ட் கர்னலாக இருக்கிறீர்கள், கர்னலுக்கான மூன்றாம் எண் தேர்வு வாரியத்தில் முதல் முறை உங்கள் பெயர் வரவில்லை, அந்த வருத்தம் ஆறுவதற்குள் வடகிழக்குக்கு போஸ்டிங்கும் வந்துவிட்டது, இரண்டையும் சேர்த்து சென்னை ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தில் கேட்கலாமா என்று எழுதியிருக்கிறீர்கள்.

சேர்க்காதீர்கள். இரண்டுமே டெல்லி எம்.எஸ். பிராஞ்ச் (அதிகாரிகளின் போஸ்டிங், பதவி உயர்வைக் கவனிக்கும் ராணுவத் தலைமையகப் பிரிவு) பார்க்கும் வேலைதான், ஆனால் 2007-ஆம் ஆண்டு தீர்ப்பாயச் சட்டம் இடமாற்றத்தையும் போஸ்டிங்கையும் தன் வரம்புக்கு வெளியே வைத்துவிட்டது. அதற்கு உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம், ஆனால் படை இடமாற்றத்தில் நீதிமன்றம் தலையிட இடம் மிகக் குறைவு என்று மேஜர் ஜெனரல் ஜே.கே. பன்சால் வழக்கில் 2005-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. புது இடத்துக்குப் போய்ப் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள் சார், பலத்தைப் பதவி உயர்வுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், வாரியம் பழிவாங்கியது என்று எழுத வேண்டாம். பெயரை மறைத்துத்தான் அவர்கள் ஆவணங்களைப் பார்க்கிறார்கள், அந்த வாதம் நிற்காது. உங்கள் வழக்கு சிஆரில், அதாவது மேலதிகாரிகள் உங்களை மதிப்பிட்டு எழுதும் ரகசிய அறிக்கையில் இருக்கிறது. அதை முதலில் எழுதும் இனிஷியேட்டிங் ஆபீசர் போட்ட 9 மதிப்பெண்ணைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டீர்கள், அதற்கு மேலே அடுத்த நிலையில் மதிப்பிடும் ரிவியூயிங் ஆபீசர் என்ன போட்டார் என்று உங்களுக்குக் காட்டவில்லை. அவரோடு மனக்கசப்பு இருந்ததாக நீங்களே சொல்கிறீர்கள். மற்ற எல்லா சிஆரும் உயரத்தில் இருக்க, இவர் ஒருவர் மட்டும் காரணமில்லாமல் குறைத்திருந்தால், அந்த முரண்பாடுதான் உங்கள் பிடி.

ராணுவச் சட்டம் 27-ஆவது பிரிவின் கீழ் மத்திய அரசுக்குப் புகார் கொடுத்து, அந்த மதிப்பெண்ணை நீக்கக் கேளுங்கள். இதைச் செய்யாமல் நேராகத் தீர்ப்பாயம் போனால் சாதாரணமாக மனுவை ஏற்க மாட்டார்கள். புகாரை நிராகரித்தால் அந்த உத்தரவுத் தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் மனுப் போட வேண்டும். பதிலே வராவிட்டால், புகார் கொடுத்து ஆறு மாதம் முடிந்த நாளிலிருந்து இன்னொரு ஆறு மாதம். இந்தக் கணக்கைத் தவறவிட்டு நல்ல வழக்கோடு வந்து நிற்பவர்களைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை.

தீர்ப்பாயம் சிஆர் கோப்பை வரவழைத்துப் பார்க்கும். ஜெயித்தாலும் கர்னல் பதவியை நேரடியாகக் கொடுக்காது. அந்தப் பதிவை நீக்கி, உங்கள் பேட்ச்சோடு ஒப்பிட்டு மறுபடி பரிசீலிக்கச் சொல்லும். 2023 நவம்பரில் பெண் அதிகாரிகளுக்கு உச்ச நீதிமன்றம் கொடுத்ததும் தேர்வு வாரியத்தை மறுபடி கூட்டும் உத்தரவுதான்.

அந்த ரிவியூயிங் ஆபீசரின் கீழ் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை இருந்தீர்கள், நடுவில் லீவு, கோர்ஸ் எத்தனை நாள் என்று இன்றே எழுதி வையுங்கள். நாள் கணக்கு விதிக்குக் குறைந்தால் அந்த சிஆர் தொழில்நுட்பக் காரணத்திலேயே விழக்கூடும்.