ஸ்ப்ரே கன் வாங்குமுன் கொக்கியைப் பாருங்கள்

கேள்வி: கோவைக்கு அருகே இரும்புக் கட்டில், நாற்காலி செய்யும் சிறு பட்டறை வைத்திருக்கிறேன். சாதாரண ஸ்ப்ரே கன்னில் அடித்தால் பாதிக்கு மேல் பெயின்ட் காற்றோடு போகிறது. பெயின்ட் துளிக்கு மின்னேற்றம் கொடுத்துப் பொருளில் ஒட்டவைக்கும் எலக்ட்ரோஸ்டேடிக் கன் வாங்கினால் பத்தில் ஒன்பது பங்கு பொருளிலேயே ஒட்டும், பெயின்டை நுண்துளியாக உடைப்பதும் மின்சாரம்தான் என்கிறார் விற்பனையாளர். நம்பி வாங்கலாமா?

பதில்: இரண்டாவதாகச் சொன்னது உங்களுக்குக் காட்டிய கன்னுக்கு அநேகமாகப் பொருந்தாது. கையில் பிடித்து அடிக்கும் பெரும்பாலான கன்களில் பெயின்டை உடைப்பது கம்ப்ரஸர் காற்றுதான். கார் ஆலைகளில் நிமிடத்துக்குப் பல்லாயிரம் முறை சுழலும் கிண்ணம் அந்த வேலையைச் செய்கிறது. மெதுவாகச் சுழலும் கிண்ணத்தின் விளிம்பில் மின்விசையே பெயின்டைத் துளியாக்கும் கன்னும் உண்டு. அது நிதானமாக வேலை செய்யும். அலுவலகத்தில் நிற்கும் பீரோவை அங்கேயே வைத்து அடிக்க ஏற்றது. உற்பத்திப் பட்டறையின் வேகத்துக்கு ஈடுகொடுக்காது.

மற்ற கன்களில் மின்சாரத்தின் பங்கு துளி பிறந்த பிறகுதான் வருகிறது. கன்னின் நுனியில் உள்ள ஊசியில் 60,000 முதல் 1,00,000 வோல்ட் வரை இருக்கும். ஓடும் மின்னோட்டமோ மைக்ரோஆம்பியர் கணக்கில்தான். மின்னேற்றம் பெற்ற துளிகள் ஒன்றையொன்று விலக்கிப் பரவி, எர்த் ஆகியிருக்கும் இரும்பை நாடிப் போகும். தாண்டிப் போக வேண்டிய துளியும் வளைந்து வந்து குழாயின் பின்பக்கத்தில் ஒட்டும். உங்கள் கட்டில் கால்களைப் போன்ற உருண்டைக் குழாய்களுக்கு இதைவிடப் பொருத்தமான முறை அரிது. ஆகவே சேமிப்பு உண்மைதான். ஆனால் பத்தில் ஒன்பது என்பது எல்லாம் சரியாக அமைந்தால் கிடைக்கும் கணக்கு.

அதைக் கெடுப்பது பெரும்பாலும் சரியில்லாத எர்த். ஒரு பட்டறையில் புதிதாக வாங்கிய கன்னைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் பார்த்தது பொருளைத் தொங்கவிட்ட கொக்கியை. பல மாதப் பெயின்ட் அடுக்கடுக்காக ஏறி, பென்சில் கனக் கம்பி சுண்டுவிரல் கனமாகியிருந்தது. அந்தத் தோல் வழியாக மின்சாரம் எப்படி இறங்கும்? பொருள் தொடும் இடத்தை மட்டும் அரத்தால் சுரண்டி மறுபடி தொங்கவிட்டதும், குழாயின் பின்பக்கமும் ஒரே சீராக நனைந்தது. பொருளுக்கும் எர்த்துக்கும் இடையிலான மின்தடை 1 மெகாஓமுக்குள் இருக்க வேண்டும். அளக்க, எலக்ட்ரீஷியனிடம் உள்ள மெகர் என்ற மின்தடை மீட்டர் போதும். மாதம் ஒருமுறையாவது பாருங்கள்.

அடுத்தது பெயின்ட். சைலீன் போன்ற தின்னர் மிகுந்த பெயின்ட் மின்னேற்றத்தைச் சரியாக ஏற்காது. அலுமினியத் துகள் கலந்த வெள்ளிப் பெயின்டோ மின்சாரத்தைக் கன்னுக்கே திருப்பிக் கடத்திவிடலாம். இந்த முறைக்கென்று கலந்த பெயின்ட் கிடைக்குமா என்று முதலில் பெயின்ட் நிறுவனத்திடம் கேளுங்கள்.

இனி நான் கெஞ்சிக் கேட்கும் விஷயம். நம் பட்டறைகளில் பெயின்டர் ரப்பர் செருப்போடுதான் நிற்பார். அந்தச் செருப்பு அவரையே மின்னேற்றம் தேங்கும் பாத்திரமாக்கிவிடும். மர முக்காலியில் வைத்த தின்னர் டின்னை அவர் தொடும்போது ஒரு பொறி பறந்தால் போதும், பட்டறையே பற்றிக்கொள்ளும். மின்னேற்றத்தைத் தரைக்குக் கடத்தும் காலணி, கன்னின் கைப்பிடியை வெறும் உள்ளங்கை தொடுவது, டின்னுக்கும் எர்த், ஆவியை வெளியே இழுக்கும் விசிறி ஆகிய நான்கில் ஒன்று இல்லாவிட்டாலும் இந்தக் கன் வேண்டவே வேண்டாம். விசிறியின் மோட்டாரும் பொறி கக்காத வகையாக இருக்கட்டும்.

விற்பனையாளரை உங்கள் பட்டறைக்கே வரச் சொல்லுங்கள். ஒரே மாதிரி பத்துக் கட்டில் கால்களைப் பழைய கன்னிலும், இன்னொரு பத்தைப் புதிய கன்னிலும் அடித்து, பெயின்ட் கப்பை முன்னும் பின்னும் தராசில் வையுங்கள். வித்தியாசம் சொற்பமென்றால், குறைந்த அழுத்தத்தில் அதிகக் காற்று விடும் எச்.வி.எல்.பி. கன் உங்களுக்குப் போதும், விலையும் குறைவு.

கேள்வி: வீட்டு கேட்டுக்குப் பவுடர் கோட்டிங் செய்து ஒரு வருடம்தான் ஆகிறது. கம்பியும் சட்டமும் சேரும் மூலைகளில் துரு. மற்ற இடங்களில் வெள்ளையாக மாவு பூத்திருக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: இரண்டும் வேறு வேறு கோளாறு. பவுடர் கோட்டிங்கிலும் பெயின்ட் பொடியை மின்னேற்றத்தால்தான் இரும்பில் ஒட்டவைத்து, பிறகு ஓவனில் சுடுகிறார்கள். ஆனால் உள்மூலைக்குள் மின்புலம் நுழையாது. பவுடர் விளிம்புகளிலேயே குவிந்துவிடும். அனுபவமுள்ளவர் வோல்டேஜைக் குறைத்து முதலில் மூலைகளை அடித்துவிட்டுத்தான் தட்டையான இடத்துக்கு வருவார். வெல்டிங் கசடையும் எண்ணெயையும் நீக்கி, துருவைத் தடுக்கும் பாஸ்பேட் குளியல் கொடுக்காமல் அடித்திருந்தாலும் அங்கேதான் முதலில் துரு கிளம்பும். மாவு பூப்பது வெயில் தாங்காத எபாக்ஸி பவுடரின் அடையாளம். அது வீட்டுக்குள் வைக்கும் பொருளுக்கானது. கேட்டுக்கு பாலியெஸ்டர் பவுடர் வேண்டும்.

பவுடரின் வகையைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். பூச்சு பொதுவாக 60 முதல் 80 மைக்ரான் இருக்க வேண்டும்; அளக்கும் சிறு கருவி அவர்களிடமே இருக்கும், மூலையிலும் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஓவனில் எவ்வளவு நேரம் வைத்தார்கள் என்றும் கேளுங்கள். வழக்கமான பவுடருக்கு இரும்பே சுமார் 200 டிகிரி செல்சியஸைத் தொட்ட பிறகு பத்து நிமிடம் தேவை. கனமான கேட் அந்தச் சூட்டை எட்டவே நேரமாகும். அவசரப்பட்டு வெளியே எடுத்தால் பூச்சு உரியும்.

கேள்வி: மரக் கதவுக்கு எலக்ட்ரோஸ்டேடிக் கன் பயன்படுமா?

பதில்: மரத்தில் ஓரளவு ஈரம் இருந்தால் மின்சாரம் கடத்தும், பூச்சும் பிடிக்கும். நன்றாக உலர்ந்த மரத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் மின்கடத்தும் பிரைமர் அடித்த பிறகுதான் பலன் கிடைக்கும். ஒரே ஒரு கதவுக்கு இந்தச் செலவு தேவையில்லை. கைதேர்ந்த பாலிஷ்காரரிடம் கொடுங்கள்.