ஓலை, புல் மட்டும் வச்சு மழைக்கு ஒழுகாத கூரை போட முடியுமா?

தாராளமா முடியும். ஆனா எல்லாரும் புல்லை எவ்ளோ கனமா போடணும்னுதான் கேக்குறாங்க, சரிவைப் பத்தி யாரும் யோசிக்கறதே இல்ல. புல்லோ ஓலையோ தண்ணியத் தடுக்கறது கிடையாது, வழிய விடுது, அவ்ளோதான். மேல விழுற துளி ஒரு தண்டுல இருந்து அடுத்த தண்டுக்கு இறங்கி இறங்கி உள்ள ஊறுறதுக்குள்ள இறவாரத்துக்கு, அதாவது கூரையோட கீழ் ஓரத்துக்கு வந்து சொட்டிடணும், அதனால சரிவு குறைஞ்சது 45 டிகிரி வைங்க. தட்டையா போட்டா எவ்ளோ கனமா அடுக்கினாலும் ஊறி ஒழுகும், சீக்கிரம் மக்கியும் போகும்.

கைமரம் (கூரையத் தாங்குற சாய்வுக் கட்டை) நிறுத்தி குறுக்க வரிச்சு (மெல்லிசான குச்சி) கட்டிட்டு கீழ இருந்து மேல வேஞ்சுக்கிட்டே போங்க, ஒவ்வொரு மேல் வரிசையும் கீழ் வரிசையைக் கட்டின இடத்தை மறைச்சு பாதிக்கு மேல இறங்கி நிக்கணும், மீன் செதில் மாதிரி. புல்லு நல்லா காஞ்சிருக்கணும், பச்சையா கட்டினா அப்புறம் சுருங்கி கட்டு லூசாகி சந்து விழும். அமுக்கிப் பாத்தா ஒரு ஜாண் கனம் இருந்தா போதும்.

முதல்ல ஒழுகுறது முகடுதான், அதாவது ரெண்டு சரிவும் சேர்ற உச்சி. ரெண்டு பக்கமும் தொங்குற மாதிரி புல்லை மடிச்சுப் போட்டு, மேல நீளக் குச்சி வச்சு அழுத்திக் கட்டுங்க. சிலர் அங்க வெறும் களிமண் பூசுவாங்க, வேண்டாம், மழையில கரைஞ்சிடும்.

இறவாரத்தை சுவரைத் தாண்டி ஒன்றரை அடி நீட்டுங்க. கூரைக்கு அடியில தீ மூட்டாதீங்க.