மருந்து உடம்பில் சேர்ந்துகொண்டே போகுமா? கேள்வி பதில்

கே: தினமும் ஒரே மாத்திரை போட்டால் உடம்பில் சேர்ந்துகொண்டே போகாதா?

ப: போகாது, ஓரிடத்தில் நின்றுவிடும். அரை ஆயுள், அதாவது உடம்பில் உள்ள மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரம், 24 மணி நேரம் உள்ள ஒரு மருந்தைத் தினம் 100 மி.கி. போடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் அதே நேரத்தில் 50 மிச்சம், போட்டதும் 150. அதற்கு மறுநாள் 75 மிச்சம், போட்டதும் 175. பிறகு 187.5, 194 என்று போய் 200-ஐ ஒட்டி நிற்கும். இருப்பு ஏற ஏற வெளியேறுவதும் ஏறும். தினம் 100 உள்ளே, 100 வெளியே என்றானதும் ஏற்றம் நின்றது. இதற்கு 4 முதல் 5 அரை ஆயுள் பிடிக்கும். பாராசிட்டமாலுக்கு அரை ஆயுள் 2, 3 மணி நேரம்தான். ஆறு மணிக்கொருமுறை போட்டாலும் பெரிதாகச் சேராது. அதற்காக அளவை மீறலாம் என்றில்லை. சளி மாத்திரைக்குள்ளும் அதே பாராசிட்டமால் ஒளிந்திருக்கும்.

கே: தைராய்டு குறைவுக்குத் தைராக்சின் மாத்திரை தொடங்கிப் பத்து நாள் ஆகிறது. ரத்தப் பரிசோதனை செய்யலாமா?

ப: வேண்டாம், இது ரொம்பச் சீக்கிரம். அரை ஆயுளே சுமார் 7 நாள். 6 முதல் 8 வாரம் கழித்து டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) அளவைப் பாருங்கள்.

கே: இரட்டிப்பாகப் போட்டால் சீக்கிரம் நிலைக்கு வராதா?

ப: வராது. எவ்வளவு உயரம் என்பதை டோஸ் தீர்மானிக்கும். எத்தனை நாள் என்பதை அரை ஆயுள் தீர்மானிக்கும்.

கே: இந்தப் பதில் தப்பு. அப்படியானால் லோடிங் டோஸ், அதாவது தொடக்கத்தில் மட்டும் கொடுக்கும் பெரிய டோஸ், எதற்கு?

ப: நல்ல சண்டை. மேலே சொன்ன மருந்தையே எடுங்கள். முதல் நாள் மட்டும் 200, பிறகு தினம் 100. மறுநாள் 100 மிச்சம், போட்டதும் மறுபடி 200. முதல் நாளே இலக்கு. ஆனால் தினமும் 200 போட்டால் இலக்கைத் தாண்டி 400-க்குப் போய்த்தான் நிற்கும், அதற்கும் அதே ஐந்து நாள்.

கே: விடமாட்டேன். இந்தக் கணக்கு எல்லா மருந்துக்கும் பொருந்துமா?

ப: பொருந்தாது, இங்கே நீங்கள் ஜெயித்தீர்கள். வலிப்பு மருந்தான ஃபெனிடாய்னை உடைக்கும் கல்லீரல் நொதி சீக்கிரமே நிரம்பிவிடும். அதற்கு மேல் வருவது வரிசையில் காத்திருக்கும். 300 மி.கி.யை 400 ஆக்கினால் ரத்த அளவு மூன்றில் ஒரு பங்குதான் ஏறும் என்று நம்பக் கூடாது. இரண்டு மடங்கைத் தாண்டலாம். கண்மணி ஆடும், நடை தள்ளாடும். அதனால்தான் சின்னச் சின்னப் படியாகக் கூட்டுகிறார்கள்.

கே: பல வருடமாக இதயத்துக்கு அதே அளவு டிகாக்சின். இப்போது மட்டும் குமட்டல், எல்லாம் மஞ்சளாகத் தெரிகிறது?

ப: இன்றே மருத்துவரிடம் போங்கள். டோஸ் மாறவில்லை, மருந்தை வெளியேற்றும் வடிகாலான சிறுநீரகம் மந்தமாகியிருக்கலாம். சிறுநீரகம் நன்றாக இருந்தால் அரை ஆயுள் 36 முதல் 48 மணி, செயலிழந்தால் 3.5 முதல் 5 நாள். வெளியேற்றம் பாதியானால் இருப்பு இரட்டிப்பு. வயதானவருக்குத் தசை குறைவு, அதனால் தசையிலிருந்து வரும் கழிவான கிரியாட்டினின் நல்லபடி இருப்பதுபோல் ஏமாற்றும், சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தைக் காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். கேளுங்கள்.

கே: ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளை ரெண்டாகப் போடலாமா?

ப: கூடாது. மருந்தாளுநரைக் கேளுங்கள்.

கே: மனநிலை மருந்தான லித்தியத்தோடு மூட்டு வலிக்கு ஐபுப்ரோஃபென் போடலாமா?

ப: நீங்களாகப் போடாதீர்கள். லித்தியம் சிறுநீரகம் வழியாக வெளியேறுவதை அது குறைக்கும். மறுபடியும் அதே வடிகால். ஏற்கெனவே போட்டிருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். லித்தியம் அளவு பார்க்க ரத்தம் எடுப்பது கடைசி டோஸிலிருந்து 12 மணி நேரம் கழித்து.