மே 17 என்றால் எனக்கு நினைவுக்கு வருவது ஃபார்ம்வில்

பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்ற பிரவுன் வழக்கின் தீர்ப்பு வந்த தினத்தை அமெரிக்காவில் இன்னும் ஏன் கொண்டாடுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் 'தனித்தனியாக, ஆனால் சமமாக' வசதி செய்து தந்தால் போதும் என்று 1896இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அரசு நடத்தும் பொதுப் பள்ளிகளில் அந்தக் கொள்கைக்கு இடமே இல்லை என்று 1954 மே 17 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். கொண்டாட வேண்டிய நாள்தான், சந்தேகமில்லை.

வழக்கின் பெயரில் இருப்பவர் கான்சாஸ் மாநிலத்தின் டொபீகா நகரைச் சேர்ந்த ஆலிவர் பிரவுன். ஆனால் பல ஊர் வழக்குகளைச் சேர்த்துத்தான் விசாரித்தார்கள். அவற்றுள் ஒன்று வர்ஜீனியாவின் ஃபார்ம்வில் ஊரிலிருந்து வந்தது. அதைத் தொடங்கி வைத்தவர்கள் மாணவர்களே.

அங்கே கறுப்பினப் பிள்ளைகளுக்கான மோட்டன் உயர்நிலைப் பள்ளி ஏறக்குறைய 180 பேருக்காகக் கட்டப்பட்டது; படித்தவர்களோ 450க்கும் மேல். இடம் போதாமல் தார்த்தாள் போர்த்திய கொட்டகைகளை எழுப்பினார்கள். மழை வந்தால் ஒழுகும். அடுப்பருகே உட்கார்ந்தவருக்கு வேர்க்கும், தள்ளி உட்கார்ந்தவருக்கு நடுங்கும். 1951 ஏப்ரல் 23 அன்று, பதினாறு வயது பார்பரா ஜான்ஸும் தோழர்களும் ஒரு பொய்யான தொலைபேசி அழைப்பால் தலைமை ஆசிரியரை வெளியே அனுப்பிவிட்டு, எல்லா மாணவர்களையும் அரங்கில் கூட்டி வேலைநிறுத்தத்தை அறிவித்தார்கள். (அந்தப் பொய்யை மட்டும் என்னால் ரசிக்காமல் இருக்க முடிவதில்லை.) அவர்கள் கேட்டது நல்ல கட்டடம். பிரிவினையையே எதிர்ப்பதாக இருந்தால்தான் வருவோம் என்று அவர்கள் உதவி கேட்ட வழக்கறிஞர்கள் சொல்ல, பிள்ளைகள் அதற்கும் சம்மதித்தார்கள்.

தீர்ப்பு வந்ததும் எல்லாம் மாறிவிடவில்லை. அதை எப்படி நிறைவேற்றுவது என்று 1955இல் சொன்ன நீதிமன்றம், 'நிதானமான விரைவோடு' என்றது. ஆற அமர ஓடு என்பது போல! 1959இல் சேர்ந்து படிக்க வைக்கும்படி உத்தரவு வந்தபோது, ஃபார்ம்வில் இருக்கும் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) தன் பொதுப் பள்ளிகள் அத்தனையையும் இழுத்துப் பூட்டியது. வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி திறந்தார்கள். கறுப்பினப் பிள்ளைகளில் சிலரை வெளியூர் உறவினர் வீடுகளுக்கு அனுப்பினார்கள். பலர் வீட்டிலேயே கிடந்தார்கள். உச்ச நீதிமன்றம் மீண்டும் தலையிட்டு, அரசுப் பள்ளிகள் திறந்தது 1964இல்தான்.

மோட்டன் பள்ளி இன்று அருங்காட்சியகம். ஆலிவர் பிரவுனின் மகள் படித்த, டொபீகாவின் மன்றோ பள்ளியும் நினைவிடம்தான். ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால், ஃபார்ம்வில்லுக்குப் போங்கள்.